அவள் கடிகாரம்

பால் சுரந்துவிட்டது.

கீழே படிக்கட்டில் குழந்தை அழுத அந்த நொடியே. யாரையும் கேட்காமல். ரவிக்கையின் முன்பக்கம் நனைவது அவளுக்குத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த குமரகுரு பார்வையைச் சதுரங்கப் பலகையிலேயே வைத்திருந்தார். வேண்டுமென்றே வைத்திருந்தார்.

அவள் நகர்த்த வேண்டிய முறை.

முறை யாருடையதோ அவர் கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்தால் தோல்வி.

உடுமலை வணிகர் சங்கத்து மாடி. உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் ஆண்டுக்கொரு மாலை, நான்கு பலகை, ஒரு கோப்பை. மூன்று பலகைகள் முடிந்துவிட்டன. ஒன்று உடுமலைக்கு, ஒன்று பொள்ளாச்சிக்கு, ஒன்று டிரா. மிச்சம் அவளுடையது மட்டும். ஆடி முடித்தவர்கள் டீ டம்ளரோடு இந்த மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

மறுபடி அழுகை. இந்த முறை வீறிட்டு.

பொள்ளாச்சி அணியின் தலைவர் நடுவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். இந்தச் சத்தத்தில் எங்கள் ஆள் எப்படி யோசிப்பது என்று சொல்லியிருப்பார். இதே மனிதர்தான் போட்டி தொடங்கும் முன் அவள் கணவன் தனசேகரின் கையைக் குலுக்கி, நீங்கள் எத்தனையாவது பலகை என்று கேட்டவர்.

நடுவர் அவளைப் பார்த்தார். அவளுடைய அணித்தலைவர் நாச்சிமுத்துவும் பார்த்தார். கைக்குழந்தைக்காரி, இந்த வருஷம் ஓய்வெடுக்கட்டும், என் தங்கை மகன் ஆடட்டும் என்று சொல்லிப் பார்த்தவர் அவர். போன வருஷம் எந்தப் போட்டியிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவள் நான், என் இடத்தில் நானே உட்காருகிறேன் என்று வந்தவள் அவள்.

பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்தாள்.

கடிகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்த்து நிறுத்தியிருப்பார்கள்.

அந்தப் பாவம் அவளுக்கு வேண்டாம்.

படிக்கட்டின் திருப்பத்தில் தனசேகர் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சதுரங்கம் தெரியாது. துணைக்கு வந்து வந்து ஒன்றை மட்டும் கற்றிருந்தான்.

"யார் மூவு?" என்றான்.

"என்னோடதுதான்."

அவன் முகம் சுருங்கியது. குழந்தையைக் கொடுத்துவிட்டு, இரண்டு படி மேலேறி, மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

அவள் படியில் உட்கார்ந்தாள். கீழே பூட்டியிருந்த கடையிலிருந்து கொப்பரை வாசம் வந்தது. குழந்தை முட்டி மோதிப் பற்றிக்கொண்டது.

அவசரப்படுத்த முடியாது. குடித்தது. நிறுத்தியது. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி குடித்தது.

மேலே நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமினார்கள்.

நாச்சிமுத்து பாதிப் படி இறங்கி வந்து, சுவரைப் பார்த்தபடி பேசினார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, டிரா கேட்டால் தந்துவிடுவார்கள், கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம், இந்த நிலைமையில் அதுவே பெரிது என்றார்.

"ஓடறது என்னோட கடிகாரந்தானுங்க," என்றாள். "ஓடட்டும்."

அவர் திரும்பி ஏறிப் போனார்.

குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். கை மட்டும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

தட்டிய கை ஓரிடத்தில் நின்றது.

தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தான் தனசேகர். எழுப்பக் குனிந்தான். அதற்குள் அவளே கண்ணைத் திறந்து, வயிறு நிறைந்த குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

மேலே வந்தபோது பேச்சு அடங்கியது. ரவிக்கையில் ஈரம் வட்டமாகத் தெரிந்தது. முந்தானையை இழுத்துவிடக் கை போனது. வேண்டாமென்று விட்டாள்.

உட்கார்ந்தாள். கடிகாரத்தில் அவளுக்கு மிச்சம் ஒரு டீ ஆறுகிற நேரம். குமரகுருவுக்கு ஏராளமாக இருந்தது. பலகையிலும் அவருக்கே ஒரு சிப்பாய் அதிகம். அவருடைய ராணி அவள் பக்கத்து மூலைவரை புகுந்து அங்கிருந்த சிப்பாயைத் தின்றிருந்தது.

"டிரா வச்சுக்கலாமுங்களா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற நாச்சிமுத்து, சரி என்று சொல்லச் சொல்லி வேகவேகமாகத் தலையாட்டினார்.

அவள் பலகைமேல் குனிந்தாள். பலகையின் நடுவில் நின்ற குதிரையை எடுத்துப் பின்னால் வைத்தாள். கடிகாரத்தைத் தட்டினாள்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். முன்னேறி நின்றது அந்த ஒரு குதிரைதான். அதையும் போய் இழுத்துக்கொண்டாளே. நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமரகுரு அதிகம் யோசிக்காமல் ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

அவள் யானையைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். ராணிக்கு நேராக.

ராணியை எடுக்க நீண்ட அவர் கை, தொடாமல் நின்றது. வந்த வழியைக் குதிரை அடைத்திருந்தது. இந்தக் கட்டத்துக்குப் போனால் வெட்டு. அந்தக் கட்டத்திலும் வெட்டு. யானையைத் தின்றாலும் வெட்டு.

இப்போது அவர் கடிகாரம் ஓடியது.

யாரும் டீ குடிக்கவில்லை.

கடைசியில் அவர் ராஜாவைச் சாய்த்துவைத்துவிட்டுக் கை நீட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நாச்சிமுத்து கோப்பையை எடுத்துவரச் சொல்லி யாரையோ விரட்டினார். குமரகுரு மட்டும் எழவில்லை. ராணி நின்ற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கீழ போயிருந்த நேரம் பூராவும் இந்தப் பலகையத்தான் பாத்துட்டு இருந்தனுங்க," என்றார்.

"நானுந்தானுங்க," என்றாள் அவள்.