துவைக்கிற கல்

"லயத்து ஆளுங்களுக்குப் பறவையைப் பத்தி என்னங்க தெரியும்? பிடிச்சு கறி வைக்கத்தான் தெரியும்."

பெக்டரி கிளாக்கர் கஜேந்திரன் இப்படிச் சொல்லித்தான் தோட்டத்துத் தொரையின் சம்மதத்தை வாங்கினார்.

றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. குளத்துக் கோரைக்குள்ளே ஒரு கானாங்கோழி ஏழு குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் பெரிசாகிற வரை தினம் ஒரு படம் பேஸ்புக்கில் போடுவதாகக் கிளாக்கர் ஐயா ஊருக்கே அறிவித்துவிட்டார். கரையில் லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகள் துணி துவைக்கிற சத்தம்தான் அவருக்கு ஆகவில்லை.

பலகை நட்டாயிற்று. 'பறவைகள் வாழுமிடம். துணி துவைக்கத் தடை.'

பொம்பளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு அரை மைல் தள்ளி மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு நடந்தார்கள்.

மறுநாள் குஞ்சு ஆறு. அதற்கடுத்த நாள் நாலு.

"பார்த்தியா, கறி வச்சிட்டானுங்க" என்றார் வாச்சரிடம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் டப், டப் என்று சத்தம். லயத்து விஜயகலா, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்கைத் துவைக்கிற கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க ஐயா. நான் துவைக்க வரலைங்க. சத்தம் இல்லாட்டி இந்தக் குஞ்சுங்கள..."

"வாயைப் பாரு. காரணமெல்லாம் தொரைகிட்ட சொல்லிக்க."

அதிலிருந்து நாலு நாளும் இதே கூத்து. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. குஞ்சுகள் நாலும் நாலாகவே இருந்தன. பேஸ்புக்கில் யாரோ 'பறவைகளின் காவலர்' என்று எழுதினார்கள்.

"கண்ணுல எண்ணெய் விட்டுல்ல பார்க்கிறேன்" என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் அவள் வந்தாள். கல்லோடும் படங்கோடும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தொரைக்கு அனுப்பினார். இனி குளத்துப் பக்கம் கண்டால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று தொரை சொன்னாராம். விஜயகலா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் குளம், ஐயா ஆசைப்பட்ட மாதிரியே அமைதியாக இருந்தது. தாய்க்கோழி மட்டும் கரையெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தது. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

"பழி தீர்த்துட்டா. சண்டாளி."

சாட்சி வேண்டுமே என்று நேற்றைய படத்தைத் திறந்து பெரிசாக்கினார்.

படங்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் கண் கல்லைப் பார்க்கவில்லை, கோரையைப் பார்த்தது. அங்கே, குஞ்சுகளுக்கு நாலடி தள்ளி, ஆள் நீளத்துக் கபரகொய்யா உடும்பு ஒன்று, குஞ்சுகளை விட்டுத் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.



கஜேந்திரன் கபரகொய்யா இருந்த பக்கத்தை வெட்டிவிட்டு, மீதிப் படத்தை பேஸ்புக்கில் போட்டார்: 'இவளைப் போன்றவர்களால்தான் ஏழு உயிர் போனது.'