கடைசி வரிசைக் கேள்விகள்

"மிஸ் கார்லீன், எனக்கு ஒரு சந்தேகம்."

கடைசி வரிசையிலிருந்து மறுபடியும் அதே குரல். ஜெனெட்டா கைப்பேசியில் மணி பார்த்தாள். மூன்று நாற்பது.

"கேளுங்க மிஸ்டர் ஹோலிஸ்," என்றாள் வகுப்பு எடுத்த மிஸ் கார்லீன், சலிப்பே இல்லாமல்.

"மாசத் தவணைன்னு சொன்னீங்களே, வீட்டு வரி அதுக்குள்ளயே அடங்கிடுமா, இல்ல வருஷக் கடைசியில தனியா வந்து கழுத்தைப் பிடிக்குமா?"

"இதுகூடத் தெரியாம வீடு வாங்கக் கிளம்பிட்டார் பாருங்க," என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் முணுமுணுத்தாள் ஜெனெட்டா. அந்தப் பெண் சிரித்து வைத்தாள். ஆனால் பதில் வந்ததும் குனிந்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள்.

செயின்ட் லூயிஸ் புறநகரில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம். காலை எட்டிலிருந்து நடக்கிறது வகுப்பு. முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் பத்தாயிரம் டாலர் மாவட்டமே கொடுக்கும். ஐந்து வருடம் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் திருப்பித் தரவும் வேண்டாம். ஆனால் இந்த வகுப்பில் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். நடுவில் எழுந்து போனால் கிடையாது.

ஜெனெட்டாவுக்கு அந்தச் சான்றிதழ் இன்று ஐந்து மணிக்குள் வேண்டும். பதினொரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளை ஏற்றும் தெருமுனையில்தான் அவள் வாங்கப் பார்த்திருக்கும் வீடு. இரண்டு படுக்கையறை, மஞ்சள் கதவு. 'அஞ்சுக்குள்ள சான்றிதழ் வரலேன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவோம்' என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான்.

இந்த ஹோலிஸோ விடுவதாக இல்லை. எழுபதை நெருங்கும் வயது, பேஸ்பால் தொப்பி. கையிலிருந்த பாடப் புத்தகம் ஓரமெல்லாம் கிழிந்து நைந்திருந்தது. எத்தனை தடவை ஃபெயிலான ஆளோ!

கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? வேலை போனால் எத்தனை மாதம் பொறுப்பார்கள்? வட்டி ஏறுமா, நிற்குமா? மனிதர் காலையிலிருந்து கையை இறக்கவே இல்லை.

"சார்," ஜெனெட்டா திரும்பினாள். "நீங்க வீடு வாங்க வந்தீங்களா, இல்ல எங்களை ராத்திரி இங்கயே தங்க வைக்க வந்தீங்களா?"

வகுப்பே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

"வாடகை மிச்சம்தானேம்மா!"

மிஸ் கார்லீன் பக்கத்தைத் திருப்பினாள். "முன்னமே சொன்னதுதான், இன்னொரு தடவை சொல்றேன். இந்த வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. விட்டா பத்தாயிரமும் அன்னிக்கே திரும்பக் கட்டணும்."

ஜெனெட்டாவின் கை மறுபடியும் லேசாக எழுந்தது. மெம்ஃபிஸில் அம்மாவுக்கு டயாலிசிஸ். வருகிற கோடையில் சில மாதமாவது கூட இருந்தாக வேண்டும். அப்போது சித்தி மகனுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதாகத்தான் திட்டம். மெதுவாகத் தெரியாமல் செய்துவிடலாம் என்றிருந்தாள். இப்போது கேட்டால், ஏமாற்றத்தான் வந்திருக்கிறாள் என்று பணத்தையே நிறுத்திவிட்டால்?

தலைமுடியைச் சரிசெய்வதுபோலக் கையை இறக்கிக்கொண்டாள்.

"வேற கேள்வி இல்லேன்னா..." என்று சான்றிதழ் கட்டைக் கையில் எடுத்தாள் மிஸ் கார்லீன்.

"ஒண்ணே ஒண்ணு!"

"ஐயோ கடவுளே!" ஜெனெட்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாடகைக்கு விடக் கூடாதுங்கறீங்க. சரி. வீட்டுல யாருக்காவது உடம்பு முடியல, கொஞ்ச நாள் வெளியூர் போயே ஆகணும்னா? அப்பவும் கழுத்துல கத்திதானா?"

ஜெனெட்டா பேனாவைத் தேடி எடுத்தாள்.

"நல்ல கேள்வி. இது உங்க புத்தகத்துல இருக்காது," என்றாள் மிஸ் கார்லீன். "போறதுக்கு முன்னாடி டாக்டர் கடிதத்தோட எங்களுக்கு எழுதிக் கொடுத்தா, ஒரு வருஷம் வரைக்கும் அனுமதி தருவோம். அந்த ஒரு வருஷம் வாடகைக்கும் விட்டுக்கலாம். சொல்லாம விட்டாத்தான் வினை. போன வருஷம் ரெண்டு பேர் அப்படித்தான் வீட்டையே வித்துக் கட்டினாங்க."

ஜெனெட்டா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

நாலு முப்பத்தைந்துக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. படமெடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்பினாள். 'கிடைத்தது. வீடு உங்களுக்குத்தான்' என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ஹோலிஸ் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். முன் சீட்டில் அதே மாதிரிச் சான்றிதழ்கள் ஒரு கட்டு கிடந்தன; எல்லாவற்றிலும் அவர் பெயர், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதத் தேதி.

"சார், கிண்டல் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க எந்தத் தெருவுல வீடு பார்த்திருக்கீங்க?"

"நானா? நான் வாங்கிப் பதினாலு வருஷம் ஆச்சும்மா."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் இங்க வந்து..."

"அதுக்கு முன்னாடியும் ஒரு வீடு இருந்துது. இதே மாதிரி ஒரு வகுப்புல ஒரே ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டேன். வீடு போயிடுச்சு."

"ஆனா... என் கேள்வி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹோலிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ் கார்லீன் 'வாடகை'ன்னு சொன்னப்பல்லாம் உன் கை தோள் வரைக்கும் வந்துட்டு இறங்கிச்சு. வாடகைக்கு விடத் தவிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஊர்ல யாருக்காவது உடம்பு முடியாமத்தான் இருக்கும். முன் வரிசையில உட்கார்ந்தா கை இறங்கறதெல்லாம் தெரியாதும்மா."