ங்க

சுவர்த் திரையில் அக்காவின் செய்தி சிவப்பாக எரிந்தது.

"அடியே எருமை, எங்கடி இருக்க?"

மென்பொருள் வாங்க வந்திருந்த மூவரும் சிரித்தார்கள். மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பிடிச்சிருச்சு!"

பிடித்தது 'சல்லடை'. வரும் செய்தியில் வசை இருந்தால் சிவப்பு அடிக்கும், மரியாதையாக இருந்தால் பச்சை காட்டும் மென்பொருள். எந்தச் சொல் எவ்வளவு கெட்ட சொல் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள், அக்கா எருமை என்று கூப்பிட்ட அவள்தான். மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, வருடக்கணக்கில் ஊர்த் திட்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறாள். தெருச் சண்டையை வேடிக்கை பார்த்தால் ஓசியிலேயே கிடைக்கிற படிப்பு.

வந்தவர்களில் ஒருவர், தயாரித்து வைத்த உதாரணங்களை நம்பமாட்டேன் என்றுவிட்டார். நிஜச் செய்திதான் வேண்டுமாம். சோதனைப் பிரதி இருந்ததோ அவள் போனில் மட்டும். மேலாளர் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அதைச் சுவரோடு இணைத்துவிட்டார்.

இன்று என்ன நாள் என்று அந்த மனிதருக்குத் தெரியும். மதியம் அக்காவுக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல். கூட இருக்க இவளை விட்டால் நாதியில்லை. காலையிலேயே வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

'ஒரு மணி நேரம்தான் மேடம், முடிச்சிட்டுப் பறந்துருங்க' என்றார் மேலாளர். அவருடைய மணி நேரம் ரப்பரால் ஆனது.

முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். கெட்ட சொற்களைச் சேர்ப்பதில் மும்முரமாக இருந்ததில் அந்த நல்ல சொல் விட்டுப்போய்விட்டது.

அடுத்தது வந்தது. "கூட யாருன்னு நர்ஸ் கேக்கறா. சனியனே, வந்து தொலைடி."

முன்னதைவிட அடர்ந்த சிவப்பு.

"யாருங்க இது?"

"எங்க அக்கா."

"பாவங்க நீங்க" என்றார் ஒருவர், உண்மையிலேயே வருந்தி.

அவள் அந்த மூன்று முகங்களையும் பார்த்தாள். எருமை என்று கூப்பிட ஒரு ஜீவன்கூட இல்லாமல் வளர்ந்த பிறவிகள்.

சல்லடையும் அதே ஜாதி. அதற்குப் படிக்கத் தெரியாது. எழுத்துகளைக் கோத்த சரம் மட்டும்தான் தெரியும். போன வாரம் ஒரு பால் பண்ணைக்காரரின் 'எருமைப் பால் வந்தாச்சு' என்ற செய்தியை வசை என்று தடுத்து வைத்தது. போன் செய்து கேட்டவரிடம், சின்னப் பிழைதான் என்றார் மேலாளர். அதன்பின் பண்ணைக்காரர் எழுதி அனுப்பியதைச் சல்லடை மிகச் சரியாகச் சிவப்பு அடித்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை சுவர் பச்சையானது.

"நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கறேன். நல்லா இருங்க."

மேலாளர் கைதட்டியேவிட்டார். "பாருங்க சார், அவங்களே திருந்திட்டாங்க!"

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

பிறந்ததிலிருந்து அக்கா அவளை 'நீங்க' என்றதில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட 'டாக்டர் எருமை'தான். வாடா போடா என்று கூப்பிட்டுக் குடும்பம் நடத்திய புருஷனுக்கு மட்டும், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய அன்று, ஒரே ஒரு தடவை மரியாதை கொடுத்தாள். நல்லா இருங்க. அதோடு சரி. அதற்குப்பின் அவன் பேச்சை எடுத்ததே இல்லை.

"இது தப்பு" என்றாள். "இருக்கறதுலயே மோசமான திட்டு இதுதான்."

"என்ன மேடம் சொல்றீங்க? இதுல எந்த வார்த்தை கெட்ட வார்த்தை?"

எழுந்து போய்ச் சுவரில் விரல் வைத்தாள். "இந்த 'ங்க'."

அதை வெட்டியெறியச் சொன்னதும் இந்த மகாபண்டிதைதான். மரியாதை விகுதி, பொருளை மாற்றாது, நீக்கிவிடலாம் என்று விதி எழுதியவள். வாங்க என்றாலும் வா. போங்க என்றாலும் போ. அக்கா எழுதியது நல்லா இருங்க. சல்லடை கண்டது நல்லா இரு. ஆசீர்வாதம். பச்சை.

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "உக்காருங்க மேடம். தயவுசெஞ்சு உக்காருங்க."

இதுவும் பச்சைதான் காட்டும் என்று நினைத்தபடி பையையும் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, 'மன்னிச்சிரு அக்கா' என்று தட்டினாள். அவர்களுக்குள் அந்த வழக்கமெல்லாம் கிடையாது. அழித்தாள். 'கிளம்பிட்டேன்' என்று மட்டும் அனுப்பினாள்.

லிஃப்ட் ஏதோ மாடியில் யாருக்காகவோ நின்றுகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போயிருப்பார்களோ. போனைக்கூட வாங்கி வைத்திருப்பார்களோ.

கையில் போன் அதிர்ந்தது.

பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னொரு 'ங்க' இருந்தால் தாங்காது. திரையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

போன் இன்னும் அந்தச் சுவரோடுதான் இணைந்திருக்கிறது என்பது அவளுக்கு நினைவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மேலாளரின் அலறல் கேட்டது.

"ஐயையோ, மறுபடியும் சிவப்பு!"