இரண்டு கட்டம் பாக்கி

“எஸ்தரு, மார்க்கு எம்புட்டு?” டிவிக்குப் பின்னாலிருந்து ஆல்பின் அண்ணன் கேட்டான்.

“நூத்துக்கு முப்பத்தொண்ணு.”

“பெயிலு. தூக்கிரலாம்.”

“இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்குண்ணே.”

எங்கள் டிவி அறுபத்தோரு அங்குலம். சுவரில் மாட்டும் வகை இல்லை. பீரோவைப் படுக்கப் போட்டது போன்ற பெட்டி. வயிற்றுக்குள் ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும் உண்டு. படம் பின்னாலிருந்து திரையில் விழும். பதினாலு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தை இடித்தபோது அப்பா வாங்கி வந்தார். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினார்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் இந்த முறை வந்ததும் மெல்லிய டிவி ஒன்றுக்குச் சொல்லிவிட்டான். பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போக வண்டி கிளம்பிவிட்டது. ரவுண்டானாவில் நிற்பதாக டிரைவர் போன் செய்தார்.

ஆனால் சம்மதம் வாங்க முடியவில்லை. அப்பாவைக் கேட்டால், “உங்கம்மா சொன்னாச் சரி” என்றார். அம்மாவைக் கேட்டால், “உங்கப்பா சொன்னாச் சரி” என்றார்.

அவர்கள் ஒருவரையொருவர் கேட்கப் போவதில்லை. பேசி அறுபத்திரண்டு நாள் ஆகிறது.

இருவருக்கும் ஒரே மிஷன் பள்ளிக்கூடம். அப்பா எழுத்தர், அம்மா ஆசிரியை. ஜூலையில் ஒரு நாள் ஒரே வண்டியில் ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று தலைமையாசிரியை விடுப்பு. வருகைப் பதிவேடு அப்பாவின் பொறுப்பு. அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போன அப்பா, தன் கையெழுத்தைப் போட்டார். மணியைப் பார்த்தார். விதிப்படி அடியில் சிவப்புக் கோடு இழுத்தார். அதற்குக் கீழே விழும் கையெழுத்தெல்லாம் தாமதக் கணக்கு.

அம்மா படியேறி வந்தபோது மை காய்ந்திருந்தது.

ஆகவே டிவி விஷயத்தில் முடிவு என் நோட்டுக்கு வந்தது. மாலை வகுப்பில் நான் தர ஆய்வு படிக்கிறேன். “நாப்பது வாங்குனா இருக்கட்டும், வாங்காட்டிப் போகட்டும்” என்றான் அண்ணன்.

மூன்று நாள் அளந்தேன். கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிகிறது. பகலில் திரைச்சீலையை மூடாவிட்டால் எதுவுமே தெரியவில்லை. எழுந்து நின்றால் படம் இருட்டுகிறது, தரையில் உட்கார்ந்தாலும் இருட்டுகிறது. ஒரே ஒரு இடத்திலிருந்துதான் முழுப் படமும் தெரிகிறது. அதன் அகலம் நாலே கால் அடி. எங்கள் வீட்டு இரட்டை சோபாவின் அகலமும் அதுதான்.

தினமும் ஏழு மணிச் செய்திக்கு அப்பாவும் அம்மாவும் அந்த சோபாவில் வந்து உட்காருகிறார்கள். பேச மாட்டார்கள். தோள் இடிக்கும். எட்டு மணிக்கு எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தில் இருவரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

புதிய டிவி எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியுமாம். அப்பா கதவோர நாற்காலியில் இருந்தபடி பார்க்கலாம், அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி பார்க்கலாம்.

என் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. போடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். இது டிவியின் குணமா, வீட்டின் குணமா என்று உறுதியாகத் தெரியாததால் போடவில்லை.

பாக்கி இருந்தவை பக்கவாட்டுப் பார்வைக்கான இரண்டு கட்டங்கள். இடப்பக்கத்துக்கு ஐந்து, வலப்பக்கத்துக்கு ஐந்து. இரண்டிலும் கிடைத்தால்தான் தேறும். நான் பார்த்தவரை இரண்டு பக்கமும் இருட்டு. ஆனால் என் கண்ணை மட்டும் நம்பி பூஜ்யம் போட எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஆட்களும் பார்க்க வேண்டும்.

“இதுக்காக மறுபடியும் ஒயரெல்லாம் மாட்டணுமா? ஒட்டடையில மூச்சு முட்டுதுடி” என்றான் அண்ணன். ஆனாலும் மாட்டினான்.

அப்பாவைக் கதவோர நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அம்மாவை அடுப்படி வாசலில் நிற்கச் சொன்னேன். அம்மா கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு வந்தார். நான் சோபாவின் நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

அண்ணன் பெட்டிக்குப் பின்னால் குனிந்தபடியே சுவிட்சைப் போட்டான். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் வந்தது.

“அப்பா, அங்கேயிருந்து தெரியுதா?” என்று கேட்டான்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பளிச்சுன்னு தெரியுதுப்பா. அந்தப் பிள்ளை போட்டிருக்க கம்மல் வரைக்கும் தெரியுது.”

“அம்மா, உங்களுக்கு?”

அம்மா வெங்காயத் தோலை ஒரு சுற்று உரித்தார்.

“ம். பச்சக்கல்லுக் கம்மல்” என்றார்.

“பச்சக்கல்லுதான்” என்றார் அப்பா. அதை அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் ஐந்து போட்டேன். அடுத்த கட்டத்திலும் ஐந்து போட்டேன்.

“நாப்பத்தொண்ணு” என்றேன்.

“என்னாது? கூட்டல ஒழுங்காப் பாருடி.”

மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. அண்ணன் பின்னால் இருந்தபடியே டிரைவருக்குப் போன் செய்து, “அண்ணே, வர வேணாம், மன்னிச்சுக்கங்க” என்றான்.

இந்த டிவியில் குரல் முதலில் வந்துவிடும். விளக்குச் சூடேறிப் படம் விழ முக்கால் நிமிடம் ஆகும்.

அவர்கள் இருவரும் கம்மலைப் பார்த்தபோது, சோபாவில் இருந்த எனக்கு எதிரே அறுபத்தோரு அங்குலமும் கறுப்பாக இருந்தது.