ஒப்பந்தத்தில் இல்லாத நாய்

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருவதாக வீட்டுக்காரர் அன்பழகன் போனில் சொன்னதும், ஜாஸ்லின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

நெல்லித்தோப்பில் இந்த வீட்டுக்கு அவள் குடிவந்து எட்டு மாசம். அவர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. லாஸ்பேட்டையில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது வரக் காரணம் அவளுடைய நாய் மணி. யாரைப் பார்த்தாலும் குரைக்கிறது என்று எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கோவிந்தசாமி புகார் சொல்லியிருந்தார்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டாள். நாய் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை, அதனால் நினைத்தவுடன் காலி பண்ணச் சொல்ல முடியாது, தைரியமாகப் பேசுங்கள் என்றார். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கே வீடு தர யோசிக்கிற ஊர். கூட ஒரு நாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்பழகன் வந்தார். உட்காரவில்லை. தனக்கு வாயில்லா ஜீவன்கள்மேல் எந்த விரோதமும் இல்லை என்று ஆரம்பித்தார். ஆனாலும் நாலு பேர் குறை சொல்கிறார்கள், அதனால் மாசக் கடைசிக்குள் நாயா வீடா என்று முடிவு பண்ணிக்கொள்ளச் சொன்னார்.

வக்கீல் சொன்னதை ஜாஸ்லின் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"மணி போனா நானும் போறேன் சார்."

அடுப்படிக்குள் அடைத்து வைத்திருந்த மணி கதவை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது. ஜாஸ்லின் பதறிப்போய்ப் பிடிக்கப் போனாள். அது குரைக்கவில்லை. அவர் காலையே சுற்றிச் சுற்றி வந்து முனகியது.

"யார்கிட்டயும் இப்படிப் போகாது சார்," என்றாள் ஆச்சரியமாக.

அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"எங்க கெடச்சுது?"

தவளக்குப்பத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது, நோணாங்குப்பம் படகுத்துறை பக்கம் பார்த்ததாகச் சொன்னாள். போன மழைக்காலம். மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஊறிப்போய்.

"எந்தப் பாவி பண்ண வேலையோ. அவங்கல்லாம் மனுஷங்களா சார்?"

அன்பழகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, காலி பண்ண வேண்டாம், நாயும் இருக்கட்டும், கோவிந்தசாமியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று ஜாஸ்லினுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்."

அவர் தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டினார். அவள் சந்தோஷத்தில், காபிக்கு வைத்திருந்த பாலை எடுத்து மணியின் கிண்ணத்தில் சாய்த்தாள்.

படியிறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"பால் ஊத்தாதம்மா. ஜானிக்கு ஒத்துக்காது."