பேர் போடாத கட்டம்

"பையன் பேரை அடிக்காதே. அந்தக் கட்டம் காலியாவே கிடக்கட்டும்" என்றார் சதாசிவம்.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, குணாளன் மடிக்கணினியிலிருந்து விரலை எடுத்தான். வம்ச வரலாறு தேடும் மென்பொருள்கள் மூன்றை அவன் மலேசியாவில் கூலாயிலிருந்த அந்த வீட்டுக்கு விற்கக் கொண்டு வந்திருந்தான். உட்காரக் கிடைத்தது செருப்பு அலமாரிக்குப் பக்கத்து முக்காலி. குடிக்கக் கிடைத்தது பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர்.

"பேர் இல்லாம எப்படி சார்?"

"தேடு லா. என் மக அந்தப் பேரைச் சொல்ல வந்தப்பவே வாயை மூடுன்னுட்டேன். சாஆ ஊர்த் தோட்டத்துக்காரன், கூலிக் கூட்டம். தாத்தா பேரு ஐயாசாமி, காட்டுல செம்பனைக் குலை வெட்டினவன். அந்த மூஞ்சிக்கு இது போதும்."

சதாசிவத்துக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். "அவனைக் கட்டிக்க வேணாம்னா ஏன்னு சொல்லுங்க, விட்டுடறேன்" என்று மகள் லோஷினி கேட்டிருந்தாள். 'தோட்டத்துக்காரன்' என்பதை அவள் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வீட்டு முன்னோரும் நாமக்கல் பக்கம் ஒரே ஊர் என்று யாரோ சொன்னது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. எங்காவது பங்காளி உறவு கிடைத்தால் பையன் அண்ணன் முறை ஆகிவிடுவான். அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எதுவோ, அதையே வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

"கட்டிக்கிற முறையா இருந்தா?" என்றாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த லோஷினி.

"அந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் முறையா?" அவர் சிரித்தார். "இருந்தா நானே வாசல்ல நின்னு மாப்பிள்ளைன்னு கூப்பிடறேன், போ."

ஐயாசாமி, மனைவி ராஜம்மா, அவள் பிறந்தது செடெனாக், இருவருக்கும் ஒரே மகன், மகனுக்குக் கீழே காலிக் கட்டம் என்று குணாளன் மளமளவென்று அடித்தான்.

"உங்க பக்கம் சார்?"

சதாசிவம் ஒரு பழைய கோப்பை அவன் மடியில் வீசினார். "எங்கப்பா சின்னத்தம்பி. ஒரே பிள்ளை. எங்க தாத்தா செடெனாக் தோட்டத்துல கிராணி. ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காந்து கணக்கு எழுதினவரு. இதையெல்லாம் நான் திறந்துகூடப் பார்த்ததில்ல."

உள்ளே மடித்து மடித்து நைந்த, தோட்டத்து ஆட்களைப் பதிந்த ஒரு தாள் இருந்தது. எழுதியது கிராணிதான், எழுதப்பட்டவர் கிராணி இல்லை. குணாளன் உரக்கப் படித்தான்.

"இருளப்பன், வேலை ரப்பர் பால்மரம் வெட்டு. பிள்ளைகள் சின்னத்தம்பி, ராஜம்மா."

ராஜம்மாவின் பெயர் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் சின்னத்தம்பியின் கையெழுத்து: 'சாஆ ஐயாசாமியோடு ஓடிப்போனவள்.'

சதாசிவம் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அப்பாவின் எழுத்து அவருக்குத் தெரியும். தாளைத் திருப்பித் தரும்போது குணாளன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதம் எளிது. பெயர், பிறந்த இடம், துணையின் பெயர் மூன்றும் இரண்டு கட்டங்களில் ஒன்றாக இருந்தால் 'ஒரே ஆளா?' என்று கேட்கும். ஆமாம் என்றால் இரண்டு மரங்களும் ஒன்றாகிவிடும்.

குணாளன் முதல் மென்பொருளில் ஆமாம் என்று அழுத்தினான். லோஷினியின் கட்டத்துக்கும் காலிக் கட்டத்துக்கும் நடுவே 'செகண்ட் கசின்' என்று வந்தது.

தாத்தாவின் பால்மரத்தை சதாசிவம் அந்தக் கணமே மறந்தார். "கசின்! பார்த்தியா லோஷினி? கசின்னா அண்ணன் தங்கச்சி. முடிஞ்சுது கதை. தம்பி, இதையே வாங்கிடறேன்."

"அவசரப்படாதீங்க சார். இது வெள்ளைக்காரன் செஞ்சது. அவனுக்குப் பெரியப்பா மகனும் கசின், மாமன் மகனும் கசின். யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாதுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது நம்ம ஆளுங்க செஞ்சது."

"அது மட்டும் என்ன கிழிக்கும்?"

"மரம் எங்க பிரியுதோ அங்க போய்ப் பார்க்கும் சார். பிரியற இடத்துல நிக்கறது அண்ணன் தம்பியா, அண்ணன் தங்கச்சியான்னு பார்க்கும். அப்புறம் ஒவ்வொரு கிளையிலும் ஆணா பொண்ணான்னு பார்த்துக்கிட்டே கீழ இறங்கும்."

மூன்றாவது மென்பொருள் மேலே ஏறியது. அங்கே நின்றவர்கள் அண்ணனும் தங்கையும். அங்கிருந்து இறங்கி, சதாசிவத்துக்கு யார் யார் என்ன உறவு என்று ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் எழுதிக்கொண்டே வந்தது.

ராஜம்மா, அத்தை. அவள் மகன், மச்சான். மச்சான் மகனின் காலிக் கட்டத்துக்கு அடியில் ஒரே சொல் வந்து நின்றது: மருமகன்.

"அலமாக்!" என்று வியந்து கூவினாள் லோஷினி. "அப்பா, வாசல்ல நின்னு கூப்பிடறேன்னீங்க."

"அந்தத் தோட்டத்துக்..." என்று ஆரம்பித்த சதாசிவம், குணாளன் மடியில் கிடந்த தாளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். கசின் என்று குதித்தவரே அவர்தான். இப்போது ராஜம்மா வேறு ஆள் என்று சொல்ல வழியில்லை.

"சரி லா" என்றார் கடைசியில், மென்று விழுங்கி. "அவன் பேர் என்னன்னு என் மகளைக் கேட்டு அந்தக் கட்டத்துல போடு."

குணாளன் யாரையும் கேட்கவில்லை. விசைகள் நாலைந்து தரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் விழுந்த பெயரை சதாசிவம் படித்தார். பிறகு அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார்.

"போட்டுட்டேன், மாமா."