வன்னிக்குக் கட்டிய பெட்டி

"பிடிச்சிட்டன்!"

இம்மாகுலேற் போட்ட சத்தத்தில் லண்டன் கிங்ஸ்பரி மாதா கோயில் மண்டபமே அதிர்ந்தது. நல்லவேளை, ஞாயிற்றுப் பூசை முடிந்து சனம் போய்விட்டிருந்தது.

அது 2009 சித்திரை மாதம். வன்னியில் போருக்குள் அகப்பட்டுப் பட்டினி கிடக்கும் சனத்துக்கு அனுப்பச் சேர்த்த பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைத் திறந்து, தகரத்தில் அடைத்த மீன் ரின்களைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள் அனோஜினி. லண்டனுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள்.

பூசை முடிந்தும் இவள் வீட்டுக்குப் போகாமல் சுற்றித் திரிவதில் இம்மாகுலேற்றுக்கு முதலே ஒரு கண். பெட்டிகளுக்குப் பொறுப்பு இம்மாகுலேற்தான். பொறுப்பென்று ஒன்று கிடைத்துவிட்டால் பொலிஸ்காரர் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"அங்கை சனம் கஞ்சிக்கும் வழியில்லாமல் சாகுது. அதுகளின்ரை சாப்பாட்டிலை கை வைக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது?"

"அக்கா, நான்..."

"கதையாதேயும்! லண்டனிலை இருந்துகொண்டு உமக்கு என்ன பசி?"

அனோஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிதான் அக்கா. குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலை என்ரை அகதிக் கேஸ் முடியுமட்டும் வேலை செய்ய விடமாட்டாங்கள். காசில்லை, சாப்பாட்டு வவுச்சர் மட்டுந்தான். கிழமைக் கடைசியிலை எனக்குத் தேத்தண்ணிதான் சாப்பாடு."

கொஞ்சமும் கூசாமல் சொல்கிறாளே! இம்மாகுலேற்றுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் களவு களவுதானே?

"என்னட்டைக் கேட்டிருந்தால் தந்திருப்பன். களவெடுக்கிறதோ? இப்பவே பாதரிட்டைச் சொல்லப்போறன். இனி நீர் இந்தக் கோயில் பக்கம் தலைகாட்டேலாது!"

"சொல்லுங்கோ. அதுக்கு முதல் இந்தப் பெட்டிக்குள்ளை ஒருக்காப் பாருங்கோ."

இம்மாகுலேற் எட்டிப் பார்த்தாள். எடுத்த ரின்களின் இடத்தில் புத்தம்புது மீன் ரின்கள் இருந்தன.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான். இந்தக் கிழமை வவுச்சருக்கு வாங்கினது."

"உமக்கென்ன விசரே? புதுசை வைச்சிட்டுப் பழசை எடுக்கிறீர்!"

"பழசு திகதி முடிஞ்சு ஒரு வருசம் அக்கா. அங்கை பிள்ளையளுக்கு வயித்தாலை போனால் மருந்துக்கு எங்கை ஓடுறது? எனக்கு ஒண்டெண்டால் இங்கை ஆஸ்பத்திரி இருக்கு."

இம்மாகுலேற் புது ரின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நொடி கோபம் வந்தது.

"ஆரடி இந்தப் பாவத்தைச் செய்தது? அவையின்ரை முகத்தைப் பாத்து நாலு கேள்வி கேக்கிறன்!"

அனோஜினியின் பையிலிருந்து ஒரு ரின்னை எடுத்துத் திருப்பினாள். லேபிளில் பிரெஞ்சு எழுத்து.

பிரான்சை விட்டு இம்மாகுலேற் லண்டனுக்குக் குடிவரும்போது மூட்டையோடு வந்து அலுமாரியில் கிடந்ததை, "பசிச்ச சனம் திகதியே பாக்கப்போகுது?" என்று போன கிழமை அவளே அள்ளிக்கொண்டுவந்து போட்ட ரின் அது.